செவிகொடுப்போர்: மனநலப் பணியின் இந்திய வரலாறு

மைசூர் நகரத்துப் பேராசிரியர் ஒருவர், 1935ஆம் ஆண்டில், தம் இல்லத்திலேயே சிறியதோர் ஒலிபரப்புக் கருவியை நிறுவி, இசையும் உரையுமாக ஊராருக்கு வழங்கத் தொடங்கினார். அந்நிலையம் ‘ஆகாசவாணி’ என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் அகில இந்திய வானொலி தனக்கென மேற்கொண்ட பெயரும் அதுவே. இச்செய்தியை வானொலி அன்பர் பலரும் அறிவர். ஆனால் அப்பேராசிரியர் கற்பித்த பாடம் யாது என்பதை அறிந்தவர் சிலரே. எம். வி. கோபாலசாமி என்னும் அவர் மனோதத்துவப் பேராசிரியர். இலண்டனில் ஸ்பியர்மன் என்ற அறிஞரிடம் பயின்று திரும்பியவர். 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத் துறையைத் தோற்றுவித்தவரும் அவரே.

மனத்தின் இயல்பை ஆராயும் அக்கல்வி நம் நாட்டில் எப்படி ஒரு தொழிலாக மலர்ந்தது என்பதே இங்கு நாம் கூற எடுத்துக்கொண்ட பொருள். தொழில் என்று நாம் சொல்வது மருந்தெழுதும் டாக்டரின் பணியை அன்று. துன்புற்றவர் எதிரே அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு, அவர் மீண்டும் தம் வாழ்க்கையைக் கைக்கொள்ளத் துணைநிற்போரின் பணியையே குறிக்கிறோம். மருத்துவமனை மனோதத்துவர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர், ஆலோசகர் என்று அவர்களுக்கு இன்று பல பெயர்கள் உண்டு. சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னர் அவர்களுள் ஒருவர்கூட நம் நாட்டில் இல்லை.

அப்பொழுது இருந்தவை மதிற்சுவர்களே. சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற ஆங்கிலேய வைத்தியர் மனநோயாளருக்கென ஒரு விடுதியை நடத்தத் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இத்தகைய விடுதிகள் அதற்கு முன்னரே தோன்றியிருந்தன. ‘அசைலம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புகலிடம் என்பதே பொருள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, ‘புகலிடம்’ என்று பொருள்படும் சொல் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று தமிழில் வழங்கலானது வியப்பைத் தருவதில்லை. மக்கள் சொல்லின் வேரைப் பார்ப்பதில்லை. கட்டடத்தின் பூட்டையே பார்க்கிறார்கள். இவ்விடுதிகள் நெடுங்காலம் சிறைத் துறைத் தலைவரின் மேற்பார்வையில் இருந்தன என்பதையும், 1905ஆம் ஆண்டளவில்தான் மருத்துவ அதிகாரிகளின் பொறுப்புக்கு வந்தன என்பதையும் நினைத்தால், மக்கள் பார்வை பிழையன்று என்றே தோன்றும்.

இராஞ்சிக்கு அருகிலுள்ள காங்கேயில் ஐரோப்பியருக்கென 1918இல் திறக்கப்பட்ட விடுதிக்கு, மறு ஆண்டு ஓவன் பார்க்லி-ஹில் என்பவர் தலைவராக வந்தார். விடுதிகளின் பெயரை மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் அவரும் ஒருவர். 1920இல் அரசாங்கம் அதனை ஏற்று, ‘அசைலம்’ என்பதை விடுத்து ‘மனநோய் மருத்துவமனை’ எனப் பொருள்படும் பெயரை வழங்கச் செய்தது. நோயாளிகளுக்குக் கைத்தொழில் கொடுத்து அதையே சிகிச்சையாக்கும் முறையையும் பார்க்லி-ஹில் அங்கே தொடங்கினார்.

பெயர் மாறிய அளவுக்கு ஏளனம் மாறவில்லை. ஊர் விட்டு ஊர் சென்று வாழும் நம்மவர் இதனை நன்கு அறிவர். சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்றால் என்ன பொருளோ, அதே பொருள் வடக்கே ‘ஆக்ரா’ என்றும் ‘இராஞ்சி’ என்றும், பம்பாய்ப் பக்கம் ‘தாணா’ என்றும், பெங்களூரில் ‘நிம்ஹான்ஸ்’ என்றும் சொல்லப்படுகிறது. புதிதாக ஓர் ஊரில் குடியேறும் தமிழர் அவ்வூர் மொழியில் முதலில் கற்கும் வசைகளுள் இதுவும் ஒன்று!

இனி, கல்வியின் பக்கம் திரும்புவோம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பிரஜேந்திரநாத் சீல் என்னும் தத்துவ அறிஞர் சோதனை மனோதத்துவத்துக்குப் பாடத்திட்டம் வகுப்பதில் முன்னின்றார். 1915-16இல் அங்கே தனித் துறை தோன்றியபோது, அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா அதன் பொறுப்பை ஏற்றார். சீல் பின்னர் மைசூரின் துணைவேந்தரானார். கோபாலசாமி அங்கே துறையைத் தொடங்கியது அவர் காலத்தில்தான்.

ஆனால் ஆய்வுக்கூடத்தினின்றும் மனோதத்துவத்தை வெளியே கொணர்ந்து, நோயாளியின் அருகில் அமர்த்தியவர் என்று நாம் கருதுவது கிரீந்திரசேகர் போஸையே. அவர் மருத்துவம் கற்றவர். பின்னர் மனோதத்துவத்தையும் கற்று, 1921இல் டாக்டர் பட்டம் பெற்றார். வியன்னாவிலிருந்த பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், பிராய்டு சொன்னவற்றையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தம் நோயாளரிடம் கண்டவற்றைக் கொண்டு மறுத்தும் எழுதினார். 1922இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய மனப்பகுப்பாய்வுச் சங்கம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே தோன்றிய இத்தகைய சங்கங்களுள் மிக முற்பட்டவற்றில் ஒன்று. 1933ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, இன்று ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என வழங்கும் நிலையத்தில் மனநோய்க்கான புறநோயாளர் பிரிவை அவர் தொடங்கினார். அதன் சிறப்பு யாது? மதிற்சுவருக்குள் அடைபடாமலே ஒருவர் காலையில் வந்து, தம் மனத்துயரைச் சொல்லிவிட்டு, மாலையில் வீடு திரும்ப முடிந்தது. கேட்கும் தொழிலுக்கு அதுவே முதல் வாயில் என்னலாம். போஸ் கனவுகளைப் பற்றித் தம் தாய்மொழியாகிய வங்காளியிலேயே நூல் எழுதினார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1938இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பயன்முறை மனோதத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு கண்டது.

சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், 1946இல், போர் கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. போர் என்பது அக்கமிட்டியின் தலைவரான சர் ஜோசப் போரின் பெயர். நாட்டின் சுகாதார நிலையை முழுமையாக ஆராய்ந்த அவ்வறிக்கை, இந்தியாவில் 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை வீதமே மனநோய் மருத்துவமனைகளில் இருந்ததெனவும், இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒன்று வீதம் இருந்ததெனவும் கணக்குக் காட்டியது. படுக்கையைச் செய்ய மரமும் இரும்பும் போதும். படுக்கையருகில் நிற்பவரைச் செய்வது எப்படி? பயிற்சி நிலையம் வேண்டும் என்ற அக்கமிட்டியின் பரிந்துரைப்படி, 1954இல் பெங்களூரில், மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை ஒட்டி, அகில இந்திய மனநல நிலையம் எழுந்தது. எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டில் வகுப்புகள் தொடங்கின. டாக்டர்களுக்கு ஒரு டிப்ளமா. அத்துடன், மருத்துவம் பயிலாத மனோதத்துவப் பட்டதாரிகளுக்கும் ஒரு டிப்ளமா. இரண்டாவதாகச் சொன்னதே நம் கதைக்கு முக்கியமானது. மருத்துவப் பட்டமில்லாத ஒருவர் மனநோயாளிக்குச் சிகிச்சை தரும் குழுவில் முறையான இடம் பெறலாம் என்று அரசாங்கமே அதனால் ஒப்புக்கொண்டது. அந்நிலையமும் மருத்துவமனையும் 1974இல் ஒன்றாகி ‘நிம்ஹான்ஸ்’ ஆயின. இராஞ்சியிலும் 1962இல் இத்தகைய வகுப்புகள் தோன்றின.

பம்பாயில் 1936இல் ஏற்பட்ட சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி மறு ஆண்டே குழந்தை வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. பிடிவாதம், திருட்டு, படுக்கையை நனைத்தல் என்று பெற்றோர் அடித்துத் திருத்த முயன்றவற்றையெல்லாம் வேறு கண்கொண்டு நோக்கிய இடம் அது. அலகாபாதில் 1947இல் மாணவருக்கு வழிகாட்டும் மனோதத்துவ நிலையம் தோன்றியது. 1954இல் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் தில்லியிலும் ஒரு வழிகாட்டு நிலையம் ஏற்பட்டது. இன்றைய பள்ளி ஆலோசகர்களின் வமிசாவளி இந்த இரண்டிலிருந்தே தொடங்குகிறது.

அதே ஆண்டுகளில் அமிர்தசரசில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். தேசப் பிரிவினையின் பின்னர், 1950இல், இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் மனநோயாளரையும் மாற்றிக்கொண்டன. லாகூரில் இருந்த இந்து, சீக்கிய நோயாளர் அமிர்தசரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். உறவினர் எங்கே என்று அறியாதவர் பலர். அம்மருத்துவமனையின் தலைவராக வந்த டாக்டர் வித்யாசாகர், 1950களில் ஒரு துணிந்த காரியம் செய்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அடித்து, புதிதாக வரும் நோயாளருடன் அவர்தம் பெற்றோரையும் துணைவரையும் தங்கச் செய்தார். தாம் சிகிச்சை செய்வதை அவர்கள் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும், இது பேயுமன்று, பாவத்தின் கூலியுமன்று, நோயே என்று உணரட்டும் என்பது அவர் எண்ணம். உடனிருந்த குடும்பத்தார் தாமே நோயாளியைப் பேணக் கற்றனர். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடக்க வேண்டியவர்கள் சில வாரங்களில் வீடு திரும்பினார்கள். மேலைநாட்டு நூல் எதனினின்றும் எடுத்ததன்று அந்த ஏற்பாடு. ஆள் போதாமையும் கூட்டுக் குடும்பமும் சேர்ந்து பிறப்பித்தது. 1950களின் பிற்பகுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்யும் முறையைக் கைக்கொண்டது.

இதனைப் படிக்குந்தோறும் நமக்கு ஒரு கேள்வி எழும். பிழைப்புத் தேடி நெடுந்தூரம் வந்துவிட்ட குடும்பத்தில் ஒருவர் மனம் நொந்தால், கூடாரத்தில் வந்து தங்குவோர் யார்? மாமியார் தென்காசியில், தாய் தூத்துக்குடியில், கணவருக்கு விடுப்பு இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், தலைநகரில் நாம் குடியிருந்த அரசாங்கக் குடியிருப்பில் இக்கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பு நம்மிடமே வந்து சேர்ந்தது.

அடுத்த தளத்தில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. உறக்கமில்லை, உணவில்லை, பிள்ளையைக் கையில் எடுப்பதும் இல்லை. அவருக்கு இந்தி வாராது. நம் உத்தியோகமே மொழிபெயர்ப்பு என்பதனால், மருத்துவமனைக்கு நம்மைத் துணைக்கு அழைத்தார்கள். டாக்டர் பொறுமையாகவே கேட்டார். நெடுநேரம் பேசாதிருந்த அப்பெண், கடைசியில் நம்மைப் பார்த்து, “அண்ணாச்சி, பிள்ளைய யாராவது பாத்துக்கிட்டாப் போதும்” என்றார். பிள்ளையைக் கவனிக்க ஒருவர் தேவை என்கிறார் என்று நாம் இந்தியில் சொன்னோம். இலக்கணப்படி அதில் பிழையில்லை. வீட்டுக்குத் துணையாக ஓர் ஆள் வைத்துக்கொள்ளும்படி டாக்டரும் எழுதிக்கொடுத்தார்.

அச்சொற்களின் பொருள் அதுவன்று. ‘நான் இல்லாவிட்டாலும்’ என்பது அவற்றின் முன்னே சொல்லாமல் நின்றது. நமக்கு அது கேட்காமல் இல்லை என்பதே உண்மை. அருகில் கணவர் நின்றார். கேட்டும் கேளாதவர்போல இதமாக மொழிபெயர்த்துவிட்டோம். பத்து நாள் சென்றபின் அப்பெண்ணை உயிரோடு மீட்டது எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாரின் விழிப்பு. அதன் பிறகு வேறொரு மருத்துவமனையில், சேலத்தைச் சேர்ந்த சமூகப் பணியாளர் ஒருவர் அவருடன் தனியே ஒரு மணி நேரம் இருந்தார். மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்; முதலில் நம்மைத்தான் அனுப்பினார். “சாகணும்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேட்டாராம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று நாம் அஞ்சியிருந்தோம். கேட்பதே காக்கும் வழி என்பது அவர்களுக்குப் பயிற்சியின் முதற் பாடங்களுள் ஒன்று. மருந்தும் பேச்சுமாக ஆறேழு மாதத்தில் அப்பெண் தேறினார். அன்றைய கைக்குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளி மாணவன்.

அந்நாள் முதல் இத்தொழிலுக்குத் தமிழில் வழங்கும் பெயரைப் பற்றி நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘ஆலோசகர்’ என்றால் யோசனை சொல்பவர் என்று பொருள்படுகிறது. யோசனை சொல்ல நம் ஊரில் ஆளா இல்லை? இத்தொழில் கற்றவர் யோசனையை அடக்கிக்கொள்ளத்தான் முதலில் கற்கிறார். ‘ஆற்றுப்படுத்துநர்’ என்ற சொல் நமக்கு உவப்பானது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடி எதிர்வரும் வேறொரு பாணனுக்குத் தான் சென்ற வழியைக் காட்டும் ஆற்றுப்படை என்னும் வகையில், பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் உள்ளன. சூட்டை ஆற்றுதல், துயரை ஆற்றுதல் என்ற பொருளும் அச்சொல்லில் நிழலாடுகிறது. இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்பர். அதுவும் நன்றே.

பெயர் குழம்பியது போலவே சட்டத்திலும் இவர்களுடைய இடம் நெடுங்காலம் தெளிவின்றி இருந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியை அடைத்து வைப்பதைப் பற்றியே பேசியது. 1987இல் அதற்கு மாற்றுச் சட்டம் வந்தது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தால், மருத்துவமனை மனோதத்துவர் தம் பெயரைப் பதிவுசெய்துகொண்டே தொழில் நடத்தலாம் என்ற நிலை வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவமனை மனோதத்துவர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகிய மூவருக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தது. ஏனைய ஆலோசகரும் மனநலத் துணைப் பணியாளரும் முறையான பட்டியல் ஒன்றில் இடம்பெற 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டங்களுக்கு இடையே 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதியும் வருகிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் அன்று தீயில் மாண்டனர். அருகில் சென்று கேட்பார் இல்லாத இடத்தைச் சங்கிலி நிரப்பிவிடுகிறது.

பட்டம் பெற்றவர் தொகை எக்காலத்தும் போதாது என்பதையும் முன்னோடிகள் உணர்ந்தே இருந்தனர். 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமையை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், பெங்களூர் நிலையத்தில் பயின்றவர். ஓய்வு பெற்றபின் 1984இல் சென்னையில் ஸ்கார்ப் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்து, மனச்சிதைவு நோயினருக்கு வேலைப்பயிற்சியும் குடும்பத்தாருக்குத் துணையும் கிடைக்க வழிசெய்தார். 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், கிராம ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநலப் பயிற்சி தரும் முறை சோதிக்கப்பட்டது. இன்று நாடெங்கும் உள்ள மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. சென்னையில் 1986 முதல் ‘சினேகா’வின் தொண்டர்கள், தற்கொலை எண்ணத்தோடு வருவோருக்குச் செவிகொடுத்து வருகிறார்கள். கோவாவில் ‘சங்கத்’ என்ற நிறுவனம் செய்த சோதனை இன்னும் வியப்பானது. மனநலத்தில் பட்டமில்லாத உள்ளூர் மக்களுக்குச் சில வாரப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வு உடையவர்களுடன் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசச் செய்தார்கள். வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்கு தேறினர் என்ற முடிவு 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. அப்பேச்சு நடந்தது அவரவர் வீட்டு மொழியில் என்பதை மறத்தலாகாது.

2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு இருந்தமை தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசாங்கம் ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இருபது மொழிகளில் பேசுவதற்கென ஏற்பட்டது; அவற்றுள் தமிழும் ஒன்று. அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அப்படியோர் எண் இருந்திருந்தால், நாம் நடுவில் நின்றிருக்க வேண்டியதில்லை.

வேற்று மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் இத்தொழிலுக்குச் செல்லலாமா என்று பெற்றோர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. ஊதியம் டாக்டருக்கும் எஞ்சினீயருக்கும் கிடைப்பதுபோல இராது என்பதை மறைக்கத் தேவையில்லை. மனோதத்துவத்திலோ சமூகப் பணியிலோ செவிலியக் கல்வியிலோ பட்டம் பெற்று, அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியும் பெற வேண்டும். வழி நெடிது, இடங்கள் குறைவு. பதிவுபெறாத நிலையங்கள் விளம்பரம் செய்யும் மூன்று மாத ‘சர்டிபிகேட்’டுகளை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒன்று எஞ்சுகிறது. தில்லியில் பிறந்து, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழுமாக வளரும் பிள்ளையிடம், முதல்தரச் சான்றிதழ் பெற்ற பலரிடமும் இல்லாத கருவி ஒன்று இருக்கிறது.

நம் குடியிருப்பிலேயே அப்படி ஒரு பெண் இருக்கிறாள். இவ்வாண்டு மனநலச் சமூகப் பணி பயில விண்ணப்பித்திருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து, “மாமா, பாட்டி சொல்றதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டாள். நெஞ்சை அடைக்குது, உசிரே இல்ல, வெறுத்துப்போச்சு, தலையில பாரம், மனசு ஒட்டல என்று ரோமன் எழுத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் யார் வாயில் எப்பொழுது வரும், எதை வெளியே சொல்லும், எதை உள்ளே வைத்துக்கொள்ளும் என்று பேசிப் பேசி இரண்டு பக்கம் எழுதினோம். ‘மனசு ஒட்டல’ என்பதற்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறாள்.